முதல் மணி பிலோவுக்கு

ஜனவரி 6

வலைக்கடை முதலாளி புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. "வாயால சண்ட போடுறத விட்டுட்டு இதுல வரவு செலவ எழுதுங்க" என்று பெண்டாட்டி ஜாக்குலின் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். எழுதுகிறேன். கால் விளங்காமல் வீட்டில் கிடக்கிறவனுக்கு வேறென்ன வேலை?

இன்று ஒரு முடிவு எடுத்தேன். ஈயமணி காய்ச்சப் போகிறேன். வீச்சுவலையின் விளிம்பில் கோக்கிற மணிதான். அது இல்லாவிட்டால் வலை தண்ணீரில் அமிழாது. கடையில் அது விற்கிற விலைக்கு மீனையே வாங்கித் தின்றுவிடலாம். "நீ காய்ச்சிக் கொண்டா இன்னாசி, எவ்வளவுன்னாலும் நான் எடுத்துக்கிடுதேன்" என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

தொடங்குகிற செலவு இது. இரும்பு அச்சு, லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்தது, இரண்டாயிரத்து நானூறு. அளவை நானே வரைந்து கொடுத்தேன், ஒரே ஊற்றில் பன்னிரண்டு மணி விழும். சட்டியும் நீளக் கரண்டியும் பழைய இரும்புக் கடையில் முந்நூற்றைம்பது. அடுப்புக்கு மூன்று செங்கல், காசில்லை. ஈயமும் காசில்லை, சங்கு குளிக்கும்போது இடுப்பில் கட்டுகிற என்னுடைய ஈயப்பட்டை பரணில் சும்மாதானே கிடக்கிறது.

அச்சுக்குப் பணம் வேண்டியிருந்தது. முகக்கண்ணாடியையும் கால்துடுப்பையும் சகாயத்திடம் கொடுத்தேன். பதினைந்து வருஷம் என்னோடு ஒரே வள்ளத்தில் முங்கினவன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கால் சரியானதும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 11

முதல் காய்ச்சு! முற்றத்தில் செங்கலை வைத்து மூட்டினேன். கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். உருகின ஈயத்தில் மெழுகைப் போட்டால் அழுக்கெல்லாம் மேலே வந்துவிடும். வழித்து எறிந்துவிட்டால் கீழே கண்ணாடி மாதிரி கிடக்கிறது. முற்றமெல்லாம் திருநாள் வாசம். பிலோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா, கோயிலு!" என்றாள். ஐந்து வயசு. எனக்கு இருக்கிற ஒரே சொத்து.

எங்கள் கரையில் கடல் எது கொடுத்தாலும் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு, தெறிப்பு என்போம். ஜாக்குலின் விடவில்லை. "முத மணிய அந்தோனியார் உண்டியல்ல போட்டுட்டு வாங்க" என்றாள்.

"அந்தோனியாரு வீச்சுவலையா இழுக்காரு?" என்றேன்.

"வாய் வாய் வாய். அந்த வாய்தான் ஒங்களப் படுக்க வச்சிருக்கு."

கோபம் வந்துவிட்டது. வேண்டுமென்றே முதல் மணியைச் சிவப்பு நூலில் கோத்து பிலோவின் கழுத்தில் கட்டினேன். என் தெறிப்பு என் பிள்ளைக்கு. வெள்ளி போட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. அவள் ஆடிக் காட்டினாள், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. போன ஆடியில் காற்றுக்குழாய் மடங்கி, பதினைந்து பாகம், தொண்ணூறு அடி ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே ஏறி, ரத்தத்தில் காற்றடைத்து இந்த இடது காலைத் தொலைத்த பிறகு, இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜனவரி 30

முதலாளி எல்லா மணியையும் எடுத்துக்கொண்டார். ஒன்றில்கூட ஓட்டை அடைபடவில்லை என்றார். அடைபடுமா? யார் காய்ச்சினது!

பிலோதான் என் கணக்கப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து நூறு நூறாக எண்ணிப் பையில் போடுகிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சிஸ்டர் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் இவளை நிறுத்தி எண்ணச் சொன்னார்களாம். எண்ணும்போது கழுத்து மணியை வாயில் போட்டுக்கொள்கிறாள்.

"துப்புட்டி, கழுத" என்றேன்.

"இனிக்கிப்பா" என்றாள்.

ஈயம் எங்கேயாவது இனிக்குமா? ஜாக்குலினிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிப்ரவரி 19

இடுப்புப்பட்டை தீர்ந்துவிட்டது. கடைசிக் கட்டியைச் சட்டியில் போட்டபோது என்னவோ போலிருந்தது. போகட்டும். கால் சரியானால் புதுப்பட்டை.

பழைய பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கிற தகட்டை இரும்புக் கடையில் மலிவாகத் தருகிறார்கள். மூட்டையாக வாங்கிப் போட்டேன். அது உருகும்போது புகை தொண்டையை அறுக்கிறது, கசடும் அதிகம், வெள்ளையாக மாவு மாதிரி பறக்கிறது. அதோடு வாடைக்காற்று மண்ணை வாரி அடிக்கிறது, முற்றத்தில் அடுப்பு நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் அடுக்களை மூலைக்கு மாற்றிவிட்டேன்.

"சோறு பொங்குற எடத்துலயா?" என்றாள் ஜாக்குலின்.

"இந்தச் சட்டிதான் ஒனக்குச் சோறு போடுது" என்றேன்.

மார்ச் 5

கோழி இரண்டும் செத்துப்போயின. கசடு கொட்டுகிற சுவரடியில் கழுத்தைச் சாய்த்துக் கிடந்தன. எவனோ கல்லை விட்டு எறிந்திருக்கிறான். பொறாமை பிடித்த ஊர்.

மார்ச் 15

பிலோவுக்கு வயிற்றுவலி. ஓமத்தண்ணீர் கொடுத்தோம். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. மீன் வைத்தாலும் வேண்டாம் என்கிறாள், சாளைக் குழம்பென்றால் சட்டியை நக்குகிற பிள்ளை.

மார்ச் 23

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பிலோவின் கண் இமையை இறக்கிப் பார்த்து, "ரத்தமே இல்லையே. அப்பா என்ன தொழில்?" என்றார்.

"சங்குக்குப் போறேன்" என்றேன்.

ஜாக்குலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். பதினாறு வயசிலிருந்து அதுதானே என் தொழில்? என் அப்பனுக்கும் அதுதான். மணி காய்ச்சுகிறது என்ன தொழிலா? கால் சரியாகிறவரைக்கும் கைச்செலவுக்கு.

பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் ஜாக்குலின் கேட்டாள், "ஏங்க அப்படிச் சொன்னிய?"

"நீ ஒருத்தி போதும்ட்டி, என்னய மொடம்னு ஊருக்குத் தண்டோரா போட" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிலோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதது எதற்கென்று தெரியவில்லை, கத்தினதற்கோ வயிற்றுக்கோ.

ஏப்ரல் 3

டானிக் கொடுத்தால் வாந்தி.

ஏப்ரல் 20

தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில். ஆண்கள் அத்தனை பேரும் வலையைப் பிரித்துப் போட்டுச் சரி பார்க்கிறார்கள், அத்தனை பேருக்கும் மணி வேண்டும். என் வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கிறது! "இன்னாசி அண்ணே, எனக்கு மொதல்ல" என்று கெஞ்சுகிறான்கள். போன வருஷம் இதே பயல்கள் என்னைக் கண்டால் தெரு மாறிப் போனவர்கள். அடுப்பு அணையவே இல்லை.

பிலோ பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கிடக்கிறாள். இன்று எண்ணச் சொன்னேன். பதினேழு, பதினெட்டு, பதினேழு, பதினெட்டு என்று அங்கேயே நின்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக் கையில் ஒரு அடி வைத்தேன். வாசலில் ஆள் நிற்கிறானே. அவள் அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மே 11

மறுபடியும் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "டானிக்குக்கு ரத்தம் ஏறியிருக்கணுமே. வீட்டுல வேற ஏதாவது வேலை செய்றீங்களா? பெயின்ட், பேட்டரி, அந்த மாதிரி?"

எனக்குப் பின்னால் வரிசையில் சகாயம் நின்றான், அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் தோளில் துண்டு, முடியில் உப்பு. இன்று காலையில் சங்குக்குப் போய்விட்டு அப்படியே வந்திருக்கிறான்.

"இல்லம்மா. கடல்தான்" என்றேன்.

சகாயம் குனிந்து தரையைப் பார்த்தான். ஜாக்குலின் பிலோவின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். பத்துப் பேர் முன்னால் புருஷனை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா வேறு டானிக் எழுதினார்.

ஜூன் 13

சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜாக்குலின் போய்விட்டு வந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "போன வருசம் நூறு சொன்ன பிள்ள, இப்ப தன் பேரக் கேட்டா முழிக்குதுன்னு சொல்லுதாவ. வேற பிள்ளைய மாத்திக் கொண்டாந்துட்டியளான்னு கேட்டாவ."

சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்றேன். சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

ஜூன் 22

"அந்தோனியாரு கோவம் இது. முத மணிய அவருக்குக் குடுக்காம பிள்ள கழுத்துல கட்டுனிய." ஜாக்குலின் இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், எடுத்துத் தொலை என்று நானே நூலை அறுத்தேன்.

மணி பாதிதான் இருந்தது. சப்பட்டையாகி, கடைவாய்ப் பல் நாலு இடத்தில் பதிந்து, ஓரமெல்லாம் தேய்ந்து கிடந்தது. பிள்ளைகள் எதையும் கடிக்கத்தான் செய்யும். நான் சின்ன வயசில் சிலேட்டுக்குச்சி தின்றிருக்கிறேன்.

நொண்டிக்கொண்டே கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டேன். டங்கென்று ஒரு சத்தம். அந்தோனியார் கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் பிலோ கழுத்தைத் தடவித் தடவித் தேடி அழுதுகொண்டிருக்கிறாள். வேறு மணி எடுத்துக் கொடுத்தேன், அழுகை நின்றது.

ஜூலை 3

வலிப்பு.

ஜூலை 6

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜாக்குலின் உள்ளே.

இங்கே ஒரு சின்ன வயசு டாக்டர். பிலோவின் உதட்டை விரலால் விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு, டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தார். பிறகு என்னிடம், "என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

"கடல்."

வாயிலிருந்து அதுவாகத்தான் வந்தது. சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை.

"பொய்" என்றாள் ஜாக்குலின். அவள் சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்தாள். "பொய் சொல்லுதாவ சார். இவுக கடலுக்குப் போயி வருசமாவப் போவுது. கால் போச்சு. வீட்டுல ஈயம் காய்ச்சுதாவ. அடுக்களைக்குள்ள. பேட்டரி ஈயம். பிள்ள கழுத்துலயும் கட்டி விட்டாவ, அது சப்பிக்கிட்டே கெடந்துச்சு. எல்லா டாக்டர்ட்டயும் கடலு கடலுன்னு சொல்லுதாவ!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 15

ரத்தத்தில் ஈயம். துளிகூட இருக்கக் கூடாதாம், இருக்கிறதோ ஏராளம். எங்கள் இருவர் ரத்தத்திலும் இருக்கிறதாம், ஆனால் பெரியவர்களுக்குத் தாங்கும், பிள்ளைக்கு மூளைக்குப் போய்விடும் என்றார் டாக்டர். புகையிலும் இருக்கும், தரையில் படிந்த தூசியிலும் இருக்கும், சோற்றுப் பானையிலும் விழுந்திருக்கும்.

"இனிக்கிதுன்னு சொன்னா சார்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஆமா, இனிக்கும்" என்றார்.

ஊசி போட்டு ஈயத்தை மூத்திரத்தில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் பிலோ என்னைப் பார்த்து, "அப்பா" என்கிறாள். இன்னும் அப்பா தெரிகிறது.

நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், "போனது வருமா சார்?"

"இனிமே போகாம பாத்துக்கலாம்" என்றார்.

ஜூலை 16

மார்ச்சில் சொல்லியிருந்தால்? கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 10

வீட்டுக்கு வந்தோம். முற்றத்து மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்துக் கொட்டச் சொல்லியிருந்தார்கள். சகாயமும் அவன் ஆட்களும் வந்து வெட்டினார்கள். அடுக்களைச் சுவரைக் கழுவி, பானை சட்டி எல்லாவற்றையும் மாற்றினோம். தொடங்கின செலவு பற்றி ஜனவரியில் பெருமையாக எழுதின பக்கத்தைப் படித்தேன். ஈயம் காசில்லையாம். த்தூ!

ஜாக்குலின் என்னோடு பேசுகிறதில்லை. சோறு வைக்கிறாள், தட்டைத் தள்ளுகிறாள், போகிறாள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை.

பிலோ நடக்கிறாள், இடறுகிறாள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார்கள். ராத்திரி பகல் தெரியாமல் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 22

வடக்குத் தெரு கிளாடியஸ் வந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம், கைப்பிள்ளைக்காரன். படகில் பங்கு கிடைக்காமல் அலைகிறான்.

"அண்ணே, அந்த அச்சும் சட்டியும் சும்மாதான கெடக்கு? எனக்குக் குடுங்க. கேக்குற வெல தாரேன். தொடங்குறதுக்கு மொத்தம் எவ்வளவு செலவாவும்ணே?"

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். இன்றைக்கு என்னிடம் மருந்துக்குக் காசு இல்லை. அச்சு புதுசு மாதிரி இருக்கிறது, என்ன சொன்னாலும் கொடுத்திருப்பான்.

"ஏட்டி பிலோ, இங்க வா" என்றேன். வந்தாள். "மாமாவுக்கு எண்ணிக் காட்டு."

பிலோ விரலை நீட்டினாள். "ஒண்ணு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள். சிரித்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

"பாத்தியா? இவ்வளவு ஆவும் தொடங்க."

கிளாடியஸ் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க உள்ள வச்சுக் காய்ச்சுனிய. நான் முத்தத்துல வச்சுக்கிடுவேன். ஒண்ணும் ஆவாதுண்ணே" என்றான்.

"முத்தத்துலதாம்ல நானும் தொடங்குனேன்! போல, வெளிய போ!" தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அடுக்களை வாசலில் ஜாக்குலின் நின்றுகொண்டிருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

ஆகஸ்ட் 24

அச்சைச் சாக்கில் கட்டி சகாயத்திடம் கொடுத்தேன். சங்குக்குப் போகும்போது, நான் கடைசியாக முங்கின இடத்தில் போட்டுவிடச் சொன்னேன். போட்டுவிட்டேன் என்று வந்து சொன்னான். முகக்கண்ணாடி வேண்டுமா, எடுத்துக்கோ என்றான். வேண்டாம் என்றேன். இந்தக் கால் சரியாகாது. முதல் தடவையாக வாயால் சொன்னேன், சகாயம் தலையை ஆட்டினான்.

செப்டம்பர் 2

லேத்துப் பட்டறையில் என் அச்சின் அளவை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வரைந்து கொடுத்த அதே தாள். கிளாடியஸ் போய்க் கேட்டிருக்கிறான், மூன்றே நாளில் செய்து கொடுத்துவிட்டார்கள். வலைக்கடை முதலாளியும் எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஊர் முழுக்கப் போய்ச் சொன்னேன். கிளாடியஸின் பெண்டாட்டியிடம் சொன்னேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சொல்கிறேன் என்றார், சொல்லவும் செய்தார். யார் கேட்டார்கள்? தன் பிள்ளையைக் கெடுத்துக்கொண்டவன், அடுத்தவன் பிழைப்பையும் கெடுக்கிறான் என்கிறார்கள்.

செப்டம்பர் 9

சாயங்காலம் பிலோவை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஜாக்குலின் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காற்று வடக்குத் தெருப் பக்கமிருந்து திரும்பியது. புகை. அதோடு மெழுகு வாசம்.

பிலோ மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நாளாக வாயே திறக்காத பிள்ளை. தலையை நிமிர்த்தி, எதையோ தேடுகிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"கோயிலு" என்றாள்.

ஜாக்குலின் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். "பேசுதா! ஏங்க, பிள்ள பேசுதாங்க!"

இரண்டு மாசத்துக்குப் பிறகு என்னோடு பேசின முதல் வார்த்தை அது. நானும் எழுந்துவிட்டேன். "என்னம்மா? என்னட்டி சொன்ன? இன்னொருக்கச் சொல்லு!"

பிலோ கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. என்னிடம் கையை நீட்டினாள்.

"மணி தாப்பா" என்றாள். "இனிக்கும்."